போடிமெட்டு வளைவும் விண்வெளி விமானியும்

கேள்வி: போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலை ஏறும்போது, நாலாவது வளைவிலேயே எனக்குக் குமட்டும். விண்வெளிக்குப் போகிற விமானிகளுக்கு அப்படியெல்லாம் வராதா? (வாசகி, போடிநாயக்கனூர்)

பதில்: தாராளமாக வரும்! 1961 ஆகஸ்டில் வோஸ்தோக்-2 கலத்தில் பூமியைச் சுற்றிய கெர்மன் டிட்டோவ், 25 வயதுப் போர் விமானி. விண்வெளியில் முதலில் வாந்தி எடுத்தவரும் அவரே. ஜீப் திரும்புவதை உங்கள் உள்காதிலுள்ள திரவம் உணர்கிறது. கண்ணோ அசையாத முன்சீட்டைப் பார்க்கிறது. இரண்டு சாட்சியும் மாற்றிச் சொன்னால் மூளை என்ன செய்யும்? விண்வெளியின் எடையற்ற நிலையிலோ மேல் எது, கீழ் எது என்பதே காதுக்குப் புரியாது. அதனால் விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் சில நாட்கள் இந்த அவஸ்தைதான். 2025 ஜூனில் ஆக்சியம்-4 பயணத்தின் விமானியாகப் போன நம் சுபான்ஷு சுக்லாவும், ஆரம்பத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் சுமார் 2,000 மணி நேரம் விமானம் ஓட்டியவர். உடம்பு மக்கர் பண்ணும்போதும் கையும் கணக்கும் தடுமாறாத ஆளைத்தான் இந்த வேலைக்குத் தேடுகிறார்கள்.

கேள்வி: விண்கலத்தைக் கணினியே ஓட்டுகிறதாமே, அப்புறம் விமானி எதற்கு? (வாசகர், தேனி)

பதில்: எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை உங்கள் கட்சி ஜெயிக்கும். 1966 மார்ச்சில் ஜெமினி-8 கலம் திடீரென்று நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழல ஆரம்பித்தது. உள்ளே நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும். கண் மங்குகிறது, காரணம் தெரியவில்லை. பூமிக்குத் திரும்பும்போது பயன்படுத்த வேண்டிய உந்திகளை ஆம்ஸ்ட்ராங் அப்போதே இயக்கிச் சுழற்சியை நிறுத்தினார். ஓர் உந்தி அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது பிறகுதான் தெரிந்தது. எழுதிவைத்ததைக் கணினி செய்யும்; எழுதாதது வந்தால் ஆள் வேண்டும். ஆம்ஸ்ட்ராங் சோதனை விமானி. எங்கே கோளாறு என்று யாருக்கும் தெரியாத எந்திரத்தை ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து சொல்வதே சோதனை விமானிகளின் தொழில். இந்தியாவின் ககன்யான் விண்பயணத்துக்குத் தேர்வான நால்வரும் சோதனை விமானிகளாக இருப்பது அதனால்தான். அவர்களில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் 2003-ல் விமானப்படையில் சேர்ந்தார். சுகோய், மிக், ஜாகுவார் என்று சுமார் 2,900 மணி நேரம் பறந்தவர். நால்வரின் பெயரும் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டபோது, அவர் சேர்ந்து இருபது ஆண்டுகள் தாண்டியிருந்தன. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் காயும் இருக்க, பதமான ஏலக்காயை மட்டும் பார்த்து எடுக்கும் கண் ஒரு பருவத்தில் வந்துவிடுமா?

கேள்வி: அத்தனை வருஷம் பாடுபட்டு, கடைசியில் அனுப்பாமல் விட்டால் வாழ்க்கையே வீண்தானே? (அதே வாசகர்)

பதில்: நியாயமான ஆட்சேபம். அப்படி நடந்தும் இருக்கிறது. 1984-ல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மாவுக்கு மாற்றாகப் பயிற்சி எடுத்த ரவீஷ் மல்ஹோத்ரா போகவில்லை. சுக்லாவுக்கு மாற்றாகத் தயாராக நின்றவர் பிரசாந்த் நாயர். மலைக்கு அந்தப் பக்கம், நெல்லியாம்பதி அடிவாரத்து நென்மாறைக்காரர். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பயணம் நிற்காது என்ற தைரியத்தைக் கொடுத்தவர்கள் இவர்கள். போய்வந்த சர்மாவே விண்வெளியில் இருந்தது எட்டு நாளுக்கும் குறைவு. அதற்கு முன் 1971 போரில் மிக்-21 ஓட்டினார். பின்னர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் சோதனை விமானியாகப் பல ஆண்டுகள் உழைத்தார். தொழில் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயின்போது மீட்புக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர்களைப் போடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விண்வெளிக்குப் போகாத விமானிகளின் வேலை அது. வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போடி வாசகிக்கு இன்னொரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு விமானியாகும் ஆசை இருந்தால், குமட்டலைக் காரணம் காட்டித் தடுக்காதீர்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுக்கட்டும். விமானப்படைக்குப் போக ஒரு வழியான தேசியப் பாதுகாப்பு அகாடமி 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறது. நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.