பயானக ரஸாபாஸமும் டார்கோவின் முழங்காலும்

மட்டமான பேய்ப்படத்தைப் பார்த்துப் பரமானந்தம் அடைவது எங்ஙனம் என்னும் விஷயத்தை நம் பண்டிதர்கள் இதுகாறும் தீண்டாது விட்டது தமிழுலகின் தவக்குறைவே. அக்குறையை நீக்கும்பொருட்டு, 1966 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்து எல் பாஸோ நகரில் அரங்கேறிய ‘மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ என்னும் படத்தை மூலநூலாகக் கொள்வோம். பாயிர விதிப்படி சொல்லுமிடத்து, ஆக்கியோன் ஹெரால்ட் வாரன். தொழில், உர வியாபாரம். காரணம், பேய்ப்படம் எடுப்பது பெரிய காரியமன்று என்று திரைக்கதாசிரியர் ஸ்டர்லிங் சில்லிஃபண்டிடம் கட்டிய பந்தயம். முதல், சுமார் 19,000 டாலர்.

அச்சம் பிறக்குமிடம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காகும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். அணங்காவார், செந்நிறக் கைகள் தீட்டிய கரிய அங்கியை விரித்து நிற்கும் ‘மாஸ்டர்’. விலங்கு நாய், நடித்தவர்களுக்கு லாபத்தில் பங்கு என்னும் வாக்குறுதியே ஊதியமாயிருக்க, இந்நாயோ 50 பவுண்டு தீனியைக் கைமேல் பெற்றது என்ப. கள்வர் இலர். இறையாவார், துப்பாக்கிச் சத்தம் கேட்டு வண்டியைவிட்டு இறங்கி, விளக்கொளி எட்டும் நாலடி தூரம் மட்டும் நடந்து, கடமை முடிந்ததெனத் திரும்பிவிடும் போலீஸார்.

நிலைக்களன் இத்தனை இருந்தும் பிறந்தது நகையே. சிருங்காரத்திலிருந்து ஹாஸ்யம் தோன்றும் என்றார் பரதமுனிவர். அச்சச்சுவையாகிய பயானகத்திலிருந்தும் தோன்றும் என்பதை, ஒருமுறை சாவி கொடுத்தால் 32 விநாடி மட்டுமே ஓடும் காமிராவைக் கொண்டு நிறுவிய பெருமை உர வியாபாரிக்கே உரியது. ஒலி தனியே பின்னர்ச் சேர்க்கப்பட்டது. சேர்ந்ததா என்பது வேறு.

இனி முழங்கால். மாஸ்டரின் ஏவலாளாகிய டார்கோ என்பான், கால்சட்டைக்குள் இரு பூசணிக்காய்களை ஒளித்தவன்போல் புடைத்த முழங்கால்களுடன், விருந்தினர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறும் காட்சியில் காலதேவனே அயர்ந்துவிடுகிறான். அவன் ஆட்டுக்கால் கொண்ட கிரேக்க வனதேவதை என்பது ஆசிரியர் உட்கிடை. படத்தில் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாதுவிட்ட இடமே உரையாசிரியர்களின் விளைநிலமன்றோ? ஆதலின், ஆட்டுக்கால்போல் காட்டவேண்டிய கவசத்தை நடிகர் முன்பின்னாகக் கட்டிக்கொண்டார் என்பர் ஒருசாரார். அற்றன்று, ஆன்மாவை அழுத்தும் மலமே முழங்காலாய்த் திரண்டது என்பர், சித்தாந்த சாத்திரங்களை மேலட்டை முதல் மேலட்டை வரை தூசிதட்டிய பிறிதொருசாரார். இவ்விருவரையும் மறுத்து, கரையான் தின்று எஞ்சிய ஏட்டு மூலையொன்றில் ‘முழ’ என்னும் ஈரெழுத்தைக் கண்டெடுத்த மூன்றாமவர், அது முழங்காலா முழவா என்று ஐயுற்று, ஐயத்தையே முடிபாகக் கொண்டு, பின்னிணைப்பாக முழவின் வரலாற்றையும் எழுதி, அதற்கொரு பொன்னாடையும் பெற்றார். நூலைப் படியாமலே அதன் காலத்தை நிர்ணயிக்கும் நம் ஆராய்ச்சிப் பேரறிஞர்களோ படத்தைப் பார்க்கவேண்டிய சிரமத்துக்கு ஆளாகவில்லை. இடதுகால் ஆசிரியர் வாக்கென்றும், வலதுகால் பிற்காலத்து இடைச்செருகல் என்றும் தீர்ப்பளித்து, எந்தக் கால் முதலில் படியேறியது என்பதை மட்டும் அடுத்த மாநாட்டுக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.