இமையாத்திரை இமைத்தல்: ஓர் ஆராய்ச்சி

தேவர்களுக்கு இமையவர் என்று பெயர். கண் இமைக்காதவர்கள் என்று பொருள் சொல்வார்கள். சென்ற செவ்வாய் இரவு வரை என் மேசை மானிட்டரும் அந்த வகுப்பில்தான் இருந்தது. 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அது மனிதப் பிறவி எடுத்திருந்தது. இமைத்தது, அதுவும் கடன்காரனைக் கண்டவன்போல் படபடவென்று.

முதலில் இமைப்பை அளக்க வேண்டும் அல்லவா? அலகுக்குப் பஞ்சமில்லை. கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியர் வகுத்துவிட்டார். அதை 0.3 விநாடி என்று வைத்துக்கொண்டால், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு மாத்திரைக்குள் 18 முறை படத்தைப் புதிதாக வரைகிறது. என் திரை கறுத்து மீண்டதோ சுமார் கால் மாத்திரை. ஆகவே இது மகரக்குறுக்கம்.

அடுத்து, பாடபேதம். டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 என்று ஒரு பாடமும் 59.94 என்று ஒரு பாடமும் காணக் கிடைத்தன. ஏடெழுதியவர் பிழை அல்ல. 1953இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குத் தரம் வகுத்தவர்கள், நிற அலையும் ஒலி அலையும் மோதித் திரையில் கோலம் போடாதிருக்க 60ஐ 1.001ஆல் வகுத்தார்கள், அந்தக் கணக்கு இன்னும் என் மேசையில் கிடக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பயனில்லை. பயனில்லாத பத்தி ஒன்றாவது இல்லாவிட்டால் ஆய்வுக் கட்டுரை என்று யார் நம்புவார்கள்?

இனி, குற்றவாளி யார்? இதற்கு வழிகாட்டி தமயந்தி. சுயம்வரத்தில் இந்திரன், அக்கினி, எமன், வருணன் நால்வரும் நளன் வேடத்தில் வந்து உட்கார, இமைப்பவன் எவன் என்று பார்த்து மாலையிட்டவள் அவள். கணினிக்கும் அதே சோதனைதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் சபைக்கு வரும். எல்லாம் இமைக்க அது மட்டும் இமைக்காதிருந்தால், ஒத்துப்போகாத ஏதோ ஒரு ஆப்தான் காரணம். புதுப்பிக்கலாம், இல்லையேல் நீக்கலாம். அதுவும் சேர்ந்து இமைத்தால் டிஸ்ப்ளே டிரைவர். என் டாஸ்க் மேனேஜர் இமைத்தது. தமயந்தி மாலை போட்டிருப்பாள். நான் டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானைத் தேடினேன். பழைய டிரைவர் கணினியில் மிச்சமிருந்தால்தான் அந்தப் பொத்தான் அழுந்தும். அழுந்தியது.

டிரைவர் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து என் மச்சினன் மேசைக்குப் பின்னால் புகுந்தான். அவன் கேபிள் மரபினன். நீல விஜிஏ பிளக்கின் இரண்டு பக்கமும் திருகு உண்டு. மானிட்டர் வாங்கிய நாளிலிருந்து அவற்றை யாரும் முடுக்கியதில்லை.

“மாமா, ரெண்டு ஸ்க்ரூவும் ஆடுது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே முடுக்கிவிட்டான்.

திரை மறுபடி தேவலோகம் சேர்ந்தது. டிரைவர்தான் என்கிறேன் நான். கேபிள் ஆடினாலும் டாஸ்க் மேனேஜர் இமைக்கத்தானே செய்யும் என்கிறான் அவன். தமயந்தி வழியில் இதற்கு விடையில்லை. திருகுகளைத் தளர்த்தி மீண்டும் சோதிப்பதே முறை என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டு, மேசையை இழுத்தோம்.

“கரன்ட் பில் கட்டிட்டிருக்கேன். யாராவது கை வெச்சீங்க, ரெண்டு பேருக்கும் ராத்திரி சோறு கிடையாது” என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.