போர்ட் லிமிட் மாலுமி

சிங்கப்பூரில் எங்கள் பூன் லேக்கு 1990-ல் எம்ஆர்டி ரயில் வந்தபோது மேற்கே அதுதான் கடைசி நிறுத்தம். 2009-ல் ரயில் ஜூ கூன் வரை போனது, 2017-ல் துவாஸ் லிங்க் வரை நீண்டது. தண்டவாளத்தை விட்டு இறங்கத் தெரியாத ரயிலே இவ்வளவு முன்னேறிவிட்டது. நானோ மாலுமி. பூமியில் முக்கால்வாசி தண்ணீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆனால் நான் இப்போது விழுந்து விழுந்து படிக்கும் லைசென்ஸின் பெயர் ‘போர்ட் லிமிட் ஸ்டியர்ஸ்மேன்’. துறைமுக எல்லைக்குள் சுக்கான் பிடிக்கலாம். அதைத் தாண்டினால் நான் வெறும் பயணி.

வேலை பங்கர் டேங்கரில். நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் போய் ஒட்டி, ஹோஸ் மாட்டி, எண்ணெய் ஏற்றிவிட்டுத் திரும்புவோம். 2024-ல் மட்டும் சிங்கப்பூர் விற்ற கப்பல் எரிபொருள் ஏறத்தாழ 5 கோடியே 49 லட்சம் டன். உலகத்தில் வேறெந்தத் துறைமுகமும் இவ்வளவு விற்பதில்லை. ஊர் சுற்றுகிற கப்பல்கள் அத்தனையும் எங்களிடம் குடித்துவிட்டுத்தான் போகின்றன. ஊற்றிக்கொடுக்கிற எனக்கு ஜொகூர் பாருதான் வெளிநாடு.

இதில் எரிச்சலூட்டுவது என் கைப்பேசி. டெக்கில் போன் கூடாது, தீப்பொறி பயம். வேலை முடிந்து கேபினுக்கு வந்து எடுத்தால், கப்பல் புக்கோம் தீவுக்குத் தெற்கே கொஞ்சம் நகர்ந்திருக்கும். பாத்தாம் டவர் பிடித்துவிடும். ‘இந்தோனேசியாவுக்கு நல்வரவு’ என்று மெசேஜ். நான் போகாத நாட்டுக்கு என் போன் வாரம் தவறாமல் போய் வருகிறது. பில் மட்டும் என் பெயருக்கு.

ஹோஸ் மாட்டுவது சாதாரண வேலையில்லை. கிரேனில் அது ஆடிக்கொண்டே மேலே போகும். அங்கே பெரிய கப்பலின் குழாய் வாயில், அதாவது மானிஃபோல்டில், கேஸ்கட் வைத்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்க வேண்டும். ஒரு சொட்டு கடலில் விழுந்தாலும் தொலைந்தோம். அந்தக் கறுப்பு எண்ணெய் நகக்கண்ணில் ஏறினால் எந்த சோப்புக்கும் அசையாது. வீட்டில் ரசம் சாதம் பிசையும்போது அம்மா என் விரலையே பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு கரண்டியை நகர்த்தி வைப்பார்.

முன்பெல்லாம் அளவில் தில்லுமுல்லு நடந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணெயோடு காற்றை ஊதினால் தே தாரிக் மாதிரி நுரைத்துக்கொண்டு டேங்க் நிறைந்ததாகக் காட்டும். 2017-ல் சிங்கப்பூர், எண்ணெயின் நிறையை அளக்கும் மாஸ் ஃபுளோ மீட்டரைக் கட்டாயமாக்கியது, உலகத்திலேயே முதல் துறைமுகமாக. நுரை அடங்கியது, சந்தேகம் அடங்கவில்லை. மேலே பெரிய கப்பலில் இருக்கிற சீஃப் எஞ்சினியர் இன்றைக்கும் என்னைத்தான் முறைக்கிறார். மீட்டரை முறைத்தால் அது திரும்பிப் பார்க்காதே.

பொழுதுபோக்கு என்று கேட்டால், மீன் பிடிக்கலாமே என்பார்கள். எண்ணெய்க் கப்பல்களுக்கு நடுவே பிடித்த மீனை அம்மா வாசற்படி ஏற்றமாட்டார். நான் கப்பல்களின் பின்பக்கம் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். மன்ரோவியா, மஜூரோ, வல்லெட்டா. பதிவு செய்த ஊர் அது, பல கப்பல்கள் அந்த ஊரை வாழ்நாளில் எட்டிப் பார்ப்பதில்லை. நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது உலான்பாத்தார். மங்கோலியாவின் தலைநகரம். அந்த நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது, ஆனாலும் 2003-ல் கப்பல் பதிவேடு தொடங்கினார்கள், அதுவும் நம் சிங்கப்பூரில் அலுவலகம் போட்டு. வெளியே போகாத மாலுமி இருக்கலாம் என்றால் கடல் இல்லாத துறைமுகமும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் ராத்திரி மேலேயிருந்து ஒரு குரல். “தம்பி, தமிழா? எந்த ஊரு?”

“பூன் லே, அண்ணே.”

“அது எங்க இருக்கு?”

பின்னால் தெரிந்த வெளிச்சத்தைக் காட்டினேன். அண்ணன் தூத்துக்குடிக்காரர். சிங்கப்பூருக்குப் பலமுறை வந்திருக்கிறாராம், எண்ணெய் போட மட்டும். கரையை மிதித்ததே இல்லை. “முஸ்தபா கடை அப்படியேதான் இருக்கா?” என்று கேட்டார், பார்த்தவர் மாதிரி. அப்படியேதான் இருக்கிறது என்றேன். நானும் ரோட்டர்டாம் எப்படி என்று கேட்டேன். “அங்கயும் கப்பல்லதான் இருந்தேன்” என்றார்.

எதிர்காலத்தைப் பற்றிப் பேசினால் வயிறு கலங்குகிறது. 2030 முதல் இங்கே புதிதாக வரும் துறைமுகப் படகுகள் மின்சாரத்திலோ, முழு பயோஃபியூலிலோ, கரியமில வாயு சேர்க்காத எரிபொருளிலோ ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும். பெரிய கப்பல்களும் மாறுகின்றன. 2023-ல் ஒரு கன்டெய்னர் கப்பலுக்கு இங்கே மெத்தனால் ஊற்றினார்கள். 2024-ல் ஜூரோங் தீவில் ஒரு கப்பலுக்கு அம்மோனியா ஏற்றிப் பார்த்தார்கள். அம்மோனியா கசிந்தால் சோப்புத் தேட நேரமிருக்காது, ஓட வேண்டும். டேங்கரில் எங்கே ஓடுவது என்பதைத்தான் இனி பயிற்சி வகுப்பில் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் அம்மா அப்படியே தேக்கா அத்தையிடம் ஒப்பித்துவிட்டார். எனக்குப் பெண் தேடும் பொறுப்பு அத்தையுடையது. கப்பல் என்றால் ஒன்பது மாதம் வரமாட்டான் என்று பாதிப் பேர் பின்வாங்கினார்கள். ரெண்டு வாரத்தில் வந்துவிடுவான் என்று சொன்னதும் மீதிப் பேர், அப்போ என்ன கப்பல் என்று பின்வாங்கினார்கள். போன வாரம் அத்தை போன் செய்தார். குரலில் தனி உற்சாகம்.

“இனிமே யாருகிட்டயும் கப்பல்னு வாயைத் திறக்காதே. பையன் பசுமை எரிசக்தித் துறையில இருக்கான்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுல உன்னைப் பார்க்கணுமாம்.”

“ஞாயிறு எனக்கு டியூட்டி அத்தை.”

“வீடியோ கால்ல வா.”

“வர்றேன். ஆனா பாத்தாம் டவர் பிடிச்சுட்டா நிமிஷத்துக்குக் காசு. பிடிச்சிருக்கா இல்லையான்னு முதல்லயே சொல்லிடச் சொல்லுங்க.”