தவளைக்குப் படை மருந்து

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் ஒருவர் காசு கொடுத்துத் தவளை வாங்கி வளர்க்கிறேன் என்றால், ஊர் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். ஐப்பசி மழைக்கு அழைக்காமலே குளியலறைக்குள் வந்து வாளிக்குப் பின்னால் குடியேறுகிற ஜீவன் அது. ஆனால் பட்டணத்துக் கண்ணாடித் தொட்டிகளில் தென்னமெரிக்கக் கொம்புத் தவளை உட்கார்ந்தாயிற்று. மோகம் இந்தப் பக்கம் பஸ் ஏற நாளாகாது. அது வந்து சேருமுன் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். தவளைத் தோலில் பூஞ்சை என்று சந்தேகம் வந்தால், வீட்டு வைத்தியத்தில் முக்கால் பங்கு எதையும் தடவாமல் இருப்பதுதான். நம்மவர்களுக்கு வராத கலையும் அதுதான்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. மூச்சில் ஒரு பங்கும், உடம்பின் உப்புக் கணக்கும் அந்தத் தோலின் பொறுப்பே. 1998இல் ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் செத்துக் கிடந்த தவளைகளிடம் கண்டறியப்பட்ட கைட்ரிட் பூஞ்சை குறிவைப்பதும் அதைத்தான். தோல் கெட்டு, சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, கடைசியில் இதயம் நின்றுபோகிறது. 2019இல் வெளியான கணக்குப்படி இதனால் 501 இனங்கள் சரிந்தன. அதில் 90 அழிந்தே போயின என்று கருதுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பூஞ்சை இருப்பது 2011இல் தெரியவந்தது. இப்படிப்பட்ட தோலில் மெடிக்கல் ஷாப் படைக் களிம்பைப் பூசினால் அது பூசுவது ஆகாது, ஊட்டிவிடுவது. அந்தக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு வேறு இருக்கும். அது எதிர்ப்புச் சக்தியை அமுக்கிப் பூஞ்சைக்கு விருந்து வைக்கும்.

அதற்கும் முன்னால், அது பூஞ்சைதானா? ஆரோக்கியமான தவளையும் அடிக்கடி தோலுரிக்கும். உடம்பை நெளித்து, மங்கலான மெல்லிய சவ்வைக் கைகால்களால் தள்ளி, பனியனைக் கழற்றுவதுபோல் தலைவழியே இழுத்து, அப்படியே வாயில் போட்டு விழுங்கிவிடும். அந்த நேரத்தில் பார்ப்பவர் வெள்ளை படர்ந்துவிட்டது என்று மருந்தோடு ஓடிவருவார். சொறித்தவளையின் முதுகு மேடுகளும் நோயல்ல, நச்சுச் சுரப்பிகள், குணப்படுத்தக் கிளம்பாதீர்கள். பக்கத்துக் காவலூரில் நட்சத்திரம் பார்க்க 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. தோலில் இருப்பது பூஞ்சைதானா என்று பார்க்க வேண்டியது நுண்ணோக்கி.

மஞ்சளும் வேப்பிலையும் காலங்காலமாகக் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டது, செருப்பு தைக்கிற அளவு கெட்டியான தோலுள்ள மாட்டுக்கும், அதற்கு அதிகம் குறையாத நமக்கும். விஞ்ஞானிகளே மனிதர் மருந்தைத்தானே கொடுக்கிறார்கள் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. உண்மைதான், இட்ராகோனசோல் நம் படைக்கும் எழுதித் தருகிற மருந்துதான். ஆனால் வழக்கமான முறையில் அது வெறும் 0.01 சதவீதக் கரைசல், நாளுக்கு 5 நிமிடம், 11 நாள். அந்த அளவே தலைப்பிரட்டைகளைக் கொன்றதால் இன்னும் குறைத்துப் பார்த்தார்கள். சமையலறை ஸ்பூனுக்கு அந்தக் கணக்கு வராது. வெயில் கட்சிக்காரர்களும் உண்டு: 28 டிகிரிக்கு மேல் இந்தப் பூஞ்சை வளராது, நம்மூர்ச் சித்திரைக்கு 40 டிகிரி சாதாரணம், தவளையை மொட்டை மாடியில் வைத்தால் போதும் என்பார்கள். போதும்தான், பூஞ்சையும் சாகும், தவளை அதற்கு முன்னாலேயே காய்ந்து வற்றலாகும். ஆய்வகத்தில் சூடேற்றிக் குணப்படுத்தியதுண்டு, ஆனால் அங்கே சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஆள் காவல் இருந்தார்கள்.

ஊர் கால்நடை டாக்டர் ஆடு மாடுதானே பார்ப்பார் என்கிற சலிப்பும் நியாயமானதே. ஆனாலும் எடைக்கேற்ற அளவு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். தெரியாததைச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கவும் அவரால் முடியும். அதுவரை தவளையைத் தனித் தொட்டியில், குளோரின் போன தண்ணீரில் நனைத்த காகிதத்தின் மேல் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பழைய தொட்டித் தண்ணீரை மட்டும் ஏரியிலோ ஓடையிலோ கொட்டிவிடாதீர்கள். கைட்ரிட்டின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகும். பிளீச்சிங் பவுடர் போட்டு வைத்திருந்து, பிறகு சாக்கடையில் ஊற்றுங்கள்.