யார் நேட்டிவ்? எல்லையோர டி.எல்.எல். வரிசை குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை: லினக்ஸில் விண்டோஸ் நிரலை ஓட்ட வைன் என்றொரு மென்பொருள் உண்டு. 1993இல் தொடங்கி 2008இல்தான் 1.0 வந்தது. வேலித் தகராறு வழக்குகூட அதற்குள் முடிந்துவிடும்.

2. சிக்கல்: நிரல் தனியே ஓடாது, டி.எல்.எல். கோப்புகளிடம் கைமாற்று வாங்கித்தான் ஓடும். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் எதைக் கேட்பது? வைனின் அமைப்புப் பெட்டியில் 'லைப்ரரீஸ்' பக்கத்தில் அதைச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது 'நேட்டிவ்'; வைன்காரர்கள் தாமே எழுதியது 'பில்டின்'. வந்தவன் மண்ணின் மைந்தன், வீட்டுக்காரன் வெறும் உள்கட்டு.

3. களம்: நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லையோர ஊரான குன்னத்துகால். 1956 நவம்பர் 1 அன்று பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு மதராஸ் மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் பாட்டி நகரவேயில்லை. அவளுடைய பிறந்த வீடுதான் ஒரே இரவில் வெளிமாநிலத்துக்குப் போனது. இதில் யார் நேட்டிவ்?

4. சான்று: பாட்டிக்கு வரிசை தெரியும். களியக்காவிளைச் சந்தையில் தமிழ் முதல், மலையாளம் பிறகு. நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் மலையாளம் முதல், தமிழ் பிறகு. நிரலுக்கு நிரல் வெவ்வேறு வரிசை வைக்க வைனும் விடுகிறது. ஒன்று மட்டும், மற்றது மட்டும், இது முதல், அது முதல் என நான்கு வழி; ஐந்தாவது, 'டிசேபிள்'. சீட்டுப் பணம் கேட்டுச் சிட்டிக்காரர் படியேறும்போது பாட்டிக்கு இரு மொழியும் மறந்துபோவதை இவ்வகையில் சேர்க்கலாம்.

5. சோதனை: மருமகன் பழைய நிரலொன்றுக்காக ரிச்எட்20 என்ற டி.எல்.எல். கோப்பை 'நேட்டிவ், பில்டின்' என்று வைத்தான். திறந்தது. துணிச்சல் ஏறி கெர்னல்32 என்று தட்டினான். வேண்டாம் என்று பெட்டியே எச்சரித்தது.

"அதென்ன மாமா, இதுக்கு மட்டும்?"

"அது அடித்தளம், மக்களே. விண்டோஸின் கெர்னல்32 தன் சொந்த விண்டோஸைத்தான் தேடும். இங்கே அது ஏது?"

6. முடிவு: அடுக்களையிலிருந்து பாட்டி கேட்டாள்: "மரச்சீனி எடுக்கட்டா?" சென்னைத் தொலைக்காட்சி அதை மரவள்ளிக்கிழங்கு என்கிறது. இங்கோ எல்லைக்கு இருபுறமும் மரச்சீனிதான். கெர்னல்32 போல, அந்த வரியில் கை வைக்கக் கூடாது.