விடுதலை தர வந்தவர்

1798 மே மாதம் தூலோனில் கப்பலேறியபோது நெப்போலியனுக்கு வயது 28. கூடவே 30,000க்கும் மேற்பட்ட சிப்பாய்கள், 150க்கும் மேற்பட்ட அறிஞர்கள், அரபி எழுத்துகளோடு ஓர் அச்சு இயந்திரம். எகிப்தில் இறங்கியதும் நோட்டீஸ் விட்டார்: பிரெஞ்சுக்காரர்களும் உண்மையான முஸ்லிம்களே, போப்பின் ஆட்சியைக் கவிழ்த்ததே சாட்சி! கெய்ரோ உலமாக்கள் மீசைக்குள் சிரித்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 1 அன்று அபூகிர் குடாவில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையைக் கொளுத்திவிட்டார். வந்த வழி அடைபட்டது. அதனாலென்ன? 1799 ஜனவரியில் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம்: உங்களை ஆங்கிலேயர் பிடியிலிருந்து விடுவிக்க வந்திருக்கிறேன். வீட்டுக்குப் போகக் கப்பலில்லாதவர் மைசூருக்கு அபயம் தருகிறார். கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4 அன்று திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார்.

ஆகஸ்டில் தளபதி, சேனையை அங்கேயே விட்டுவிட்டு ராவோடு ராவாக நழுவினார். இனி நீர்தான் பொறுப்பு என்று ஜெனரல் கிளேபருக்கு ஒரு சீட்டு. கிளேபர் மறு வருஷம் கெய்ரோவில் கத்திக்குத்தில் செத்தார். சீட்டு எழுதியவரோ அதற்குள் பாரிஸில் ஆட்சியைப் பிடித்திருந்தார்.

பிரெஞ்சுச் சிப்பாய்கள் எகிப்தில் தோண்டியெடுத்த ரொசெட்டா கல் இப்போது லண்டனில். 1801இல் பிரிட்டிஷ் ராணுவம் கைப்பற்றியது என்று அதன் விளிம்பிலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி.