போஸ்ட்ஸ்கிரிப்ட் திராவிட மொழியே: பழைய பிரிண்டர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

அலுவலக மூலையில் இருக்கும் பழைய லேசர் பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றை அனுப்பினால், விழுக்காட்டுக் குறியும் வியப்புக் குறியுமாகத் தொடங்கிப் பக்கம் பக்கமாகக் கட்டளைகளையே அச்சடித்துத் தள்ளும். கேட்டது ஒரு வட்டமாக இருக்கும். சர்வீஸ்காரர்கள் இதை டிரைவர் கோளாறு என்கிறார்கள். கோளாறு இலக்கணத்தில் இருக்கிறது என்பதும், அந்த இலக்கணம் நம்முடையதே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் தொடங்கிய அடோபி நிறுவனம் 1984-இல் தந்த இம்மொழியில் வினை கடைசியில்தான் வரும். பேனாவை ஓரிடத்துக்கு நகர்த்த '72 144 மூவ்டூ' என்று எழுத வேண்டும். இடம் முதலில், நகர்தல் பிறகு; 'மேசைமேல் ஃபைலை வை' என்பதும் இதே அமைப்புதான். கோடு, எழுத்து, படம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து 'ஷோபேஜ்' என்ற முற்று வந்தால்தான் தாள் வெளியேறும். அதுவரை வந்தவை யாவும் எச்சங்களே. ஒரே வினைமுற்றை நம்பி ஒரு பக்கம் ஓடும் வாக்கியத்தை நம் பத்திர எழுத்தர்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு துணிச்சலாகக் கையாண்டதில்லை.

முற்று வரும்வரை எச்சங்களைத் தாங்க நினைவு வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஒரு லெட்டர் தாளுக்குச் சுமார் 84 லட்சம் புள்ளிகள். அதாவது பத்து லட்சம் பைட்டுக்குச் சற்று மேல். 1984-இல் வந்த முதல் லேசர்ஜெட்டில் இருந்தது 128 கிலோபைட். 1987-இன் லேசர்ஜெட் 2-இல் 512. அதில் அரைப் பக்கப் படம்கூடத் தங்காது. அதற்குத் தெரிந்த பிசிஎல் மொழியிலோ எஸ்கேப் குறி முன்னால் வராத எதுவும் அச்சிட வேண்டிய எழுத்துதான். ஆகவே அது செய்தது பிழையன்று, கீழ்ப்படிதல். 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டருக்கோ 1.5 மெகாபைட் நினைவும், தன்னை ஏவும் மெக்கின்டாஷைவிட வேகமான செயலியும் இருந்தன. விலை 6,995 டாலர், லேசர்ஜெட் 3,495. இரண்டின் உள்ளேயும் சுழன்றது கேனனின் ஒரே அச்சு எஞ்சின் என்பதால், மிச்சப் பணத்தைக் கல்விக் கட்டணம் என்றே கொள்ள வேண்டும்.

வினையைப் பின்னால் வைப்பது போலந்து அறிஞர் லுகாசியேவிச்சின் குறியீட்டு முறையிலிருந்து வந்தது என்று மறுப்பார்கள். அவர் செயலை முன்னால்தான் வைத்தார். பின்வந்தவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பிய பிறகே கணினிக்கு வசதியாயிற்று. அப்படித் திருப்பத் தூண்டியது எந்த மொழி என்பதை வாசகரின் நியாய உணர்வுக்கு விடுகிறோம். ஜப்பானிய மொழியிலும் வினை இறுதியில்தானே வருகிறது என்பது அடுத்த மறுப்பு. உண்மை. எஞ்சின் ஜப்பானிலிருந்து வந்ததும், எஞ்சினால் எந்தத் தகராறும் எழாததும் இதனால் தெளிவாகின்றன.

பழைய பிரிண்டரைத் திருத்த இரு வழிகள் உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் கேட்ரிட்ஜைச் செருகி, கூடுதல் நினைவுப் பலகையும் வாங்கித் தருவது ஒன்று. 1988-இல் பீட்டர் டாய்ச் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்டைத் துபாஷியாக அமர்த்துவது மற்றொன்று: கணினியே முழுவதையும் படித்து, புள்ளிகளாக்கி, பிரிண்டருக்குப் புரியும் பிசிஎல்லில் அனுப்பிவிடும். நொடிக்கு 9,600 பிட் போகும் சீரியல் கேபிளில், சுருக்காத ஒரு முழுப்பக்கம் போய்ச் சேரப் பதினெட்டு நிமிடமாகும். இன்றைய கேபிளில் அந்தத் தாமதம் இல்லையே, பிறகு பிரிண்டர் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உதவக்கூடிய சான்று ஒன்றை நாமே தருகிறோம். போஸ்ட்ஸ்கிரிப்ட் முழுமையான நிரல்மொழி. அதில் முடிவே இல்லாத சுழலையும் எழுதலாம். படித்த பிரிண்டர் அதை வாங்கிக்கொண்டு, யாராவது ஸ்விட்சை அணைக்கும்வரை யோசிக்கும். துபாஷி இருந்தால் மாட்டிக்கொள்வது கணினிதான். பிரிண்டருக்குச் செய்தியே போகாது. இதை அவர்கள் தம் கட்சிக்கு எடுத்துக்கொள்வதில் நமக்கு ஆட்சேபமில்லை.